பாலைவன கிங்ஸ்நேக்: இடத்துக்கு இடம் மாறும் நிறமும் வரியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிங்ஸ்நேக் என்றால் ராஜநாகம்தானே?

இல்லை. ராஜநாகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இருக்கும் கொடிய நஞ்சுள்ள பாம்பு. கிங்ஸ்நேக் வட அமெரிக்காவைச் சேர்ந்தது, நஞ்சு கிடையாது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும். இரண்டும் மற்ற பாம்புகளைத் தின்னும் என்பதைத் தவிர ஒட்டுறவு எதுவும் இல்லை. வாலைக் கிலுகிலுப்பைபோல் ஆட்டும் ராட்டில்ஸ்நேக் என்ற நச்சுப் பாம்பைக்கூடக் கிங்ஸ்நேக் தின்னும்; அதன் நஞ்சைத் தாங்கும் எதிர்ப்புச் சக்தி இதன் ரத்தத்திலேயே இருக்கிறது.

கிங்ஸ்நேக்குகளில் பல இனங்கள் உண்டு. இந்தப் பக்கம் அவற்றில் ஒன்றான பாலைவன கிங்ஸ்நேக் பற்றியது. அறிவியல் பெயர் லாம்ப்ரோபெல்டிஸ் ஸ்ப்ளெண்டிடா.

எங்கே வாழ்கிறது?

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் மையப் பகுதியில் தொடங்கி மேற்கே நியூ மெக்சிகோவின் தென்பாதி, அரிசோனாவின் தென்கிழக்கு மூலை வரை. எல்லைக்குத் தெற்கே மெக்சிகோவில் சொனோராவின் கிழக்குப் பகுதி, சிவாவா, கோவாவீலா, டுராங்கோ, சகடேகாஸ், சான் லூயிஸ் பொடோசி என்று நீள்கிறது. வரைபடத்தில் பார்த்தால் இது ஏறக்குறைய சிவாவா பாலைவனமும் அதைச் சுற்றியுள்ள புல்வெளிகளும்தான்.

பாலைவனம் என்றதும் மணல் மேட்டைக் கற்பனை செய்ய வேண்டாம். முட்புதர், புல்தரை, ஆற்றோரம், மாடுகளுக்குத் தண்ணீர் தேக்கும் குட்டை, பாசன வாய்க்கால் இவைதான் இதற்குப் பிடித்த இடங்கள். வறண்ட நாட்டில் ஈரம் இருக்கும் இடத்தைத் தேடிப் போகும் பாம்பு இது. நிறம் பற்றிப் பேசும்போது இது முக்கியமாகும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

வழக்கமான பாலைவன கிங்ஸ்நேக் எப்படி இருக்கும்?

வளர்ந்த பாம்பு மூன்று முதல் நான்கு அடி. ஐந்து அடி என்றால் அது பெரிய பாம்பு. செதில்கள் வழவழவென்று பளபளக்கும். முதுகு கறுப்பு அல்லது அடர்ந்த காபி நிறம். அதன் குறுக்கே மெல்லிய மஞ்சள் கோடுகள், ஒன்றன் பின் ஒன்றாக வால்வரை. கோடுகளுக்கு நடுவில் மிஞ்சுவது கரிய திட்டுகள். பக்கவாட்டில் இறங்கினால் கோடு மறைந்து, செதிலுக்குச் செதில் மஞ்சள் பொட்டாக மாறிவிடும். தலை பெரும்பாலும் கறுப்பு, உதட்டுச் செதில்களில் மட்டும் வெளிர் கீற்றுகள். வயிறும் பெரும்பாலும் கறுப்பு, ஓரங்களில் வெளிர்த் திட்டு.

கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். முதுகில் ஓடும் அந்த மஞ்சள் கோடு தூரிகையால் இழுத்ததுபோல் தொடர்ச்சியாக இருக்காது. அடுத்தடுத்து நிற்கும் செதில்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மஞ்சள் பொட்டு, அதைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு. பொட்டுகள் வரிசை கட்டி நிற்பதால் நமக்குக் கோடாகத் தெரிகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாப் பதில்களும் எளிதாகும். அந்தப் பொட்டு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, எவ்வளவு பெரிதாகிறது என்பதுதான் இந்தப் பாம்புக் கூட்டத்தின் மொத்த வேறுபாடும்.

கிழக்கே போகப் போக என்ன ஆகிறது?

கிழக்கே இதன் பக்கத்து வீட்டுக்காரர் புள்ளி கிங்ஸ்நேக், லாம்ப்ரோபெல்டிஸ் ஹோல்ப்ரூக்கி. மிசிசிப்பி ஆற்றுச் சமவெளிக்கும் டெக்சாஸின் கிழக்குப் பகுதிக்கும் உரியது. அதற்கு உடம்பு முழுக்க, ஏறக்குறைய ஒவ்வொரு செதிலிலும், மஞ்சள் பொட்டு. கறுப்புச் சுங்குடிச் சேலை மாதிரி இருக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் வேலி எதுவும் இல்லை. மேற்கு டெக்சாஸின் வறண்ட நிலத்தில் முதுகுத் திட்டுகள் சுத்தமான கறுப்பாக, குறுக்குக் கோடுகள் தெளிவாக இருக்கும். கிழக்கு நோக்கி வர வர அந்தக் கரிய திட்டுக்குள்ளும் பொட்டுகள் தலைகாட்டத் தொடங்கும். மத்திய டெக்சாஸில் பிடிபடும் பல பாம்புகளில் கோடும் தெரியும், திட்டுக்குள் பொட்டும் தெரியும். இன்னும் கிழக்கே போனால் கோடு பொட்டுக் கூட்டத்துக்குள் கரைந்துபோகும்.

நடுவில் இருக்கும் பாம்பை எந்தப் பெயரில் சேர்ப்பது? வளர்ப்பவர்கள் இதை ‘இன்டர்கிரேட்’ என்பார்கள். இடைக்கலப்பு என்று வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், அந்தப் பாம்புக்கு ஒரு பெயர் கொடுத்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு நம்முடையது. பாம்புகள் தங்களுக்குள் இணை சேர்வதற்கு அது ஒரு தடையாக இருந்ததே இல்லை.

மேற்கே, அரிசோனா பக்கம்?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. மேற்கே இருப்பது கலிபோர்னியா கிங்ஸ்நேக். கறுப்பு அல்லது பழுப்பு உடம்பில் அகலமான வெள்ளைப் பட்டைகள். எண்ணிக்கையில் குறைவு, அகலத்தில் அதிகம். பட்டையில் வரும் செதில்கள் முழுக்க முழுக்க வெளுத்திருக்கும். பொட்டு என்ற பேச்சே கிடையாது. மூக்கிலும் தலையிலும் வெள்ளை நிறைய. பட்டை பல சமயம் வயிறு வரை இறங்கும்.

அரிசோனாவின் தென்கிழக்கில், கோச்சீஸ் கவுண்டி என்ற பகுதியைச் சுற்றி, இந்த இரண்டு வகையும் சந்திக்கின்றன. அங்கே கிடைக்கும் பாம்புகளில் எல்லாவிதக் கலவையும் உண்டு. பாலைவன வகைக்கு உரிய பக்கவாட்டுப் பொட்டுகள் இருக்கும், ஆனால் முதுகுக் கோடு அகலமாகி வெள்ளைப் பட்டையாக மாறியிருக்கும். அல்லது பட்டை சரியான கலிபோர்னியா பட்டை, ஆனால் ஓரத்தில் பொட்டுப் பொட்டாக உதிர்ந்திருக்கும். ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு மாதிரியும் கிடைக்கும்.

ஏன் இந்த இடம்? வடக்கே ராக்கி மலைத்தொடர், தெற்கே மெக்சிகோவின் சியரா மாத்ரே மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவே, நியூ மெக்சிகோ–அரிசோனா எல்லைப் பக்கம், மலை தாழ்ந்து ஒரு வாசல் இருக்கிறது. கிழக்கே சிவாவா பாலைவனம், மேற்கே சொனோரா பாலைவனம். இரண்டையும் இணைக்கும் வாசல் இது. இதற்கு உயிரியலாளர்கள் வைத்த பெயர் ‘கோச்சீஸ் வடிகட்டித் தடை’. பனியுக காலங்களில் தட்பவெப்பம் குளிர்ந்து ஈரமானபோது பாலைவனங்கள் சுருங்கி, நடுவில் மரங்களும் புல்வெளியும் பரவின. வெப்பம் தேடும் உயிர்கள் இரண்டு பக்கமும் பிரிந்து தனித்தனியே இருந்தன. வறட்சி திரும்பியதும் வாசல் திறந்தது, பிரிந்தவை மறுபடி சந்தித்தன. இது கிங்ஸ்நேக்குக்கு மட்டும் நடந்ததும் இல்லை. அதே நிலத்தில் வாழும் மேற்கத்திய டைமண்ட்பேக் ராட்டில்ஸ்நேக்கின் மரபணுவிலும் கிழக்கு, மேற்கு என இரண்டு கிளைகள் தெரிகின்றன. அவை சந்திப்பதும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான்.

முழுக்கக் கறுப்பாக ஒரு கிங்ஸ்நேக் இருக்கிறதே, அதுவும் இதுதானா?

மெக்சிகோ கருப்பு கிங்ஸ்நேக். சொனோராவின் மேற்குப் பகுதியிலும் அதற்குத் தெற்கே சினலோவாவிலும் வாழ்கிறது. 1955-இல் ஸ்வைஃபல், நோரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை நைகிரிட்டா என்ற துணையினமாகப் பதிவு செய்தார்கள். பொட்டு அறவே மறைந்துபோன எல்லை இது. குட்டியாக இருக்கும்போது தாடையடியிலும் பக்கவாட்டிலும் வெளிர்த் தடம் கொஞ்சம் தெரியலாம். வளர வளர அதுவும் கறுத்துவிடும்.

சொனோராவில் கறுப்பு வகை, பாலைவன வகை, கலிபோர்னியா வகை மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. அதனால் அங்கிருந்து வரும் பாம்பு கறுப்பாக இருந்து, பக்கத்தில் நாலைந்து மங்கலான பொட்டுகள் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. கடையில் விற்கும் கறுப்புப் பாம்பில் பொட்டு தெரிந்தால் ‘கலப்படம்’ என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. காட்டில் இருக்கும் பாம்பே அப்படித்தான் என்று அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

அப்படியானால் இவை ஒரே இனமா, வேறு வேறு இனமா?

இதற்கு நூற்றைம்பது வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. 1853-இல் பெயர்டு, ஜிரார்டு இருவரும் சொனோராவிலிருந்து வந்த பாம்பை வைத்துப் பாலைவன கிங்ஸ்நேக்கைத் தனி இனமாகப் பெயரிட்டார்கள். பிறகு 1921-இல் பிளான்சார்டு கிங்ஸ்நேக்குகள் அனைத்தையும் வரிசைப்படுத்தி ஒரு பெரிய நூல் எழுதினார். அதன் பின் இருபதாம் நூற்றாண்டு முழுக்க, ‘கெட்டூலா’ என்ற ஒரே பெரிய இனத்தின் துணையினங்களாகத்தான் இவை பார்க்கப்பட்டன. அட்லாண்டிக் கரையிலிருந்து பசிபிக் கரைவரை ஒரே இனம், ஆங்காங்கே வெவ்வேறு சட்டை.

2009-இல் பைரன், பர்பிரிங்க் இருவரும் மரபணுவை வைத்து ஆராய்ந்து அதை ஐந்து இனங்களாகப் பிரித்தார்கள். பாலைவன கிங்ஸ்நேக் மீண்டும் தனி இனமானது அப்போதுதான். கறுப்பு வகையை அவர்கள் கலிபோர்னியா இனத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். அவர்கள் பெரும்பாலும் பார்த்தது மைட்டோகாண்ட்ரியா மரபணு. அது தாய்வழியில் மட்டும் இறங்குவது. இனங்களின் எல்லையில் மரபணு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருப்பதைப் பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டின.

ஒன்று கவனியுங்கள்: மரபணுக் கோடும் வரிக் கோடும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எல்லைப் பகுதியில், பார்ப்பதற்குப் பாலைவன வகையாக இருக்கும் பாம்புக்குத் தாய்வழி மரபணு மேற்கத்தியதாக இருக்கலாம். அதில் எது ‘உண்மையான’ அடையாளம் என்று கேட்டால் இரண்டும்தான். பழைய நூல்களில் துணையினம் என்றும் புதிய நூல்களில் இனம் என்றும் படித்துக் குழம்புகிறவர்கள், பெயரை விட்டுவிட்டு ஊரைக் குறித்துக்கொள்வது நல்லது.

இடத்துக்கு இடம் நிறம் மாறுவதற்குக் காரணம் என்ன?

ஒரே காரணம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். பல சரடுகள் இருக்கின்றன.

முதலில் ஒளிந்துகொள்ளுதல். புல்லும் சருகும் நிறைந்த ஆற்றோரத்தில், இலை வழியாக விழும் வெயில் தரையில் புள்ளி புள்ளியாக விழும். அங்கே மஞ்சள் பொட்டு இட்ட கரிய உடம்பு சட்டென்று கண்ணில் படாது. திறந்த, கல்லும் முள்ளுமான நிலத்தில் அகலமான கறுப்பு–வெள்ளைப் பட்டை உடம்பின் வடிவத்தையே துண்டு துண்டாக வெட்டிக் காட்டும். பருந்தின் கண்ணுக்குப் பாம்பு என்று படுவதற்குள் அது புதருக்குள் போயிருக்கும். கிழக்கே ஈரமான நாட்டில் பொட்டும், மேற்கே வறண்ட நாட்டில் பட்டையும் இருப்பதற்கு இது ஓரளவு பொருந்துகிறது. ஓரளவுதான். மேற்கே சொனோராவின் வெயிலில் முழுக் கறுப்புப் பாம்பு இருப்பதற்கு இதை வைத்துப் பதில் சொல்ல முடியாது.

அடுத்தது அசைவு. குறுக்குப் பட்டை உள்ள பாம்பு வேகமாக ஓடும்போது பட்டைகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். நின்றதும் மறுபடி பட்டையாகிவிடும். துரத்துகிற பிராணிக்கு எங்கே நின்றது என்று தெரியாமல் போகும். இந்த வழியில் யோசிக்க உதவிய ஆய்வு வேறு ஒரு பாம்பைப் பற்றியது: அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள கார்ட்டர் பாம்புகளில், நீளக் கோடு உள்ளவை நேராக ஓடித் தப்பிப்பதையும், கோடு இல்லாதவை திடீரென்று திரும்பிப் போக்குக் காட்டுவதையும் எட்மண்ட் பிராடி என்பவர் காட்டினார். வரியும் நடத்தையும் ஜோடியாக வரும் என்பது அதன் சாரம்.

மூன்றாவது வெப்பம். கறுப்பு உடம்பு வெயிலைச் சீக்கிரம் உறிஞ்சும். குளிர்ந்த காலையில் இது லாபம். ஆனால் பாலைவன கிங்ஸ்நேக் கோடையில் பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் நடமாடும் பாம்பு. வெயிலை வைத்து அதிகம் கணக்குப் போடவும் முடியாது.

நான்காவது, பலர் மறந்துவிடுவது: சும்மா நேர்ந்ததும் ஒரு காரணம்தான். ஒரு கூட்டம் நெடுங்காலம் தனியே பிரிந்து கிடந்தால், நன்மை தீமை எதுவும் இல்லாமலேயே நிறம் விலகிப்போகும். மேலே சொன்ன பனியுகப் பிரிவு அதற்குப் போதுமான காலம். ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு பயன் கண்டுபிடித்தே தீருவேன் என்பது ஜோசியக்காரர் வேலை.

மண்ணின் நிறத்துக்கு ஏற்பப் பாம்பின் நிறம் மாறும் என்கிறார்களே?

சில உயிர்களில் அது கண்கூடு. நியூ மெக்சிகோவில் வெள்ளை மணல் என்றே பெயருள்ள ஜிப்சம் மணல்வெளி இருக்கிறது. அங்கே மூன்று இனப் பல்லிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே வெளுத்துப்போயின. அதிலிருந்து கொஞ்ச தூரம் வடக்கே எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை வெளி. அங்கே கரிய எலிகளும் பல்லிகளும் உண்டு. அந்தக் கதை பிரபலம் என்பதால் எல்லா உயிருக்கும் அதை ஒட்டிவிடுகிறார்கள்.

கிங்ஸ்நேக்கின் நிலை வேறு. அது எலி வளையிலும் கல்லடியிலும் பகலைக் கழிக்கிறது, இரவில் நெடுந்தூரம் அலைகிறது, ஈரமான வாய்க்கால் ஓரத்திலிருந்து வெளிர் மண் தரைக்கு ஒரே இரவில் போய்வரும். ஒரே நிற மண்ணோடு கட்டிப்போட்ட வாழ்க்கை இல்லை. ‘செம்மண் பாம்பு’, ‘கரிசல் பாம்பு’ என்று பிரிப்பது இதற்குப் பொருந்தாது.

ஒரே தாயின் குட்டிகள் வேறு வேறு மாதிரி இருக்குமா?

இருக்கும். இதற்கு மிக அழகான சான்று கலிபோர்னியா கிங்ஸ்நேக். சான் டியேகோ பக்கம் சில பாம்புகளுக்குக் குறுக்குப் பட்டைக்குப் பதில் முதுகு நெடுக ஒரே நீளக் கோடு இருக்கும். நெடுங்காலம் பட்டை ஒரு இனம், கோடு இன்னொரு இனம் என்று இரண்டு பெயர் வழங்கி வந்தது. லாரன்ஸ் கிளாபர் முட்டைகளைப் பொரிக்க வைத்துப் பார்த்தார். ஒரே ஈட்டிலிருந்து கோடும் வந்தது, பட்டையும் வந்தது. 1936-இல் அவர் அதை எழுதிய பிறகு இரண்டு இனம் ஒன்றாகிவிட்டது.

டெக்சாஸின் சாம்பல் பட்டை கிங்ஸ்நேக் கதையும் இதேதான். ஆல்டர்னா, பிளேரி என்று இரண்டு பெயர். கடைசியில் இரண்டும் ஒரே ஈட்டில் பிறக்கும் உடன்பிறப்புகள்.

பாலைவன கிங்ஸ்நேக்கில் இவ்வளவு நாடகம் இல்லை. ஆனால் குறுக்குக் கோடுகளின் எண்ணிக்கை, தடிமன், எங்காவது ஒரு கோடு பாதியில் நின்றுபோவது, இரண்டு கோடு சேர்ந்து ஒட்டிக்கொள்வது எல்லாம் உடன்பிறப்புகளுக்குள்ளேயே மாறும். முட்டை இருந்த வெப்பம் சரியில்லாவிட்டால் வரி குலையும் என்பதையும் வளர்ப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

குட்டியும் பெரிய பாம்பும் ஒரே மாதிரி இருக்குமா?

இருக்காது. குட்டிக்குப் பக்கவாட்டுப் பொட்டுகள் குறைவு. முதுகில் தெளிவான கரிய திட்டுகள், நடுவே பளிச்சென்ற வெளிர் கோடுகள், விலாவில் தனியாக ஒரு வரிசை கரும்புள்ளிகள். முதல் சில வருடங்களில் அந்த விலாப் பகுதி மெல்ல மெல்லப் பொட்டுகளாகச் சிதறும். அதனால் ஒரு வயதுப் பாம்பின் படத்தையும் எட்டு வயதுப் பாம்பின் படத்தையும் பக்கத்தில் வைத்து ‘இரண்டும் வேறு ஊர்’ என்று முடிவு கட்டினால் தப்பாகும். எல்லைப் பகுதிக் குட்டிகளை வைத்து இடைக்கலப்பைத் தீர்மானிப்பது இன்னும் ஆபத்து. பட்டை வகையின் குட்டிபோலவே தோன்றும்.

பொட்டு மஞ்சளா, வெள்ளையா? படத்துக்குப் படம் மாறுகிறதே.

பாதி வேளை கேமராவின் வேலை. பிளாஷ் போட்டால் மஞ்சள் வெளுக்கும். வண்டியின் முகப்பு விளக்கில் எடுத்தால் வெள்ளைகூட மஞ்சளாகும்.

மீதிப் பாதி சட்டை உரிப்பது. உரிப்பதற்கு முந்தைய நாட்களில் பாம்பின் உடம்பு முழுவதும் பால் ஊற்றியதுபோல் மங்கும், கண் நீலம் பாய்ந்து கலங்கும், கறுப்பு சாம்பலாகும், மஞ்சள் அழுக்கு வெள்ளையாகும். சட்டை கழன்ற மறுநாள் அதே பாம்பைப் பார்த்தால் வேறு பாம்பு என்று சத்தியம் செய்வீர்கள். கண் கலங்கியிருக்கும் பாம்பின் படத்தை நிற ஒப்பீட்டுக்கு எடுக்கவே கூடாது.

அருங்காட்சியகப் பாம்புகளில் இன்னொரு சிக்கல். சாராயத்தில் ஊறினால் மஞ்சள் நிறமி கரைந்து போய்விடும். கறுப்பைத் தரும் மெலனின் தங்கிவிடும். நூறு வருடப் பாட்டிலில் இருக்கும் பாம்பின் பொட்டு வெள்ளையாக இருந்தால் உயிரோடு இருந்தபோதும் வெள்ளை என்று சொல்ல முடியாது. பழைய ஆய்வாளர்கள் நிறத்தை விட்டுவிட்டுக் கோடுகளையும் செதில்களையும் எண்ணிக்கொண்டிருந்ததில் நியாயம் இருக்கிறது.

படத்தைப் பார்த்து எந்த ஊர்ப் பாம்பு என்று சொல்ல முடியுமா?

மேற்கு டெக்சாஸா, கிழக்கு டெக்சாஸா என்ற அளவுக்குப் பல சமயம் முடியும். எந்தக் கவுண்டி, எந்தச் சாலை என்று சொல்கிறவர் குத்துமதிப்பாக அடிக்கிறார்.

காரணம் எளிது. வரி படிப்படியாக மாறுகிறது, ஊர் எல்லையில் சட்டென்று மாறுவதில்லை. எந்த ஒரு இடத்திலும் பாம்புகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதும் இல்லை. ஒரு இடத்தின் சராசரியைப் பேசலாம். ஒரு பாம்பைக் காட்டி அதன் பிறப்பிடத்தைப் பேச முடியாது. ஊர் தெரிந்த பிறகு வரியைப் பார்த்தால் அது தகவல். வரியைப் பார்த்து ஊரைச் சொன்னால் அது ஊகம். ஆரம்ப கால வரைபடங்கள் சில இந்த வழியில்தான் குழம்பின: பாம்பின் தோற்றத்தை வைத்துத் துணையினம் குறிப்பார்கள், பிறகு அந்தக் குறிப்பை வைத்தே துணையினத்தின் எல்லையை வரைவார்கள்.

விற்பனைப் பட்டியலில் ஊர்ப் பெயர் போட்டு விற்கிறார்களே, அதை நம்பலாமா?

அமெரிக்க வளர்ப்பாளர்களிடையே ‘லோக்காலிட்டி’ என்று ஒரு பழக்கம். தாயும் தந்தையும் எந்தச் சாலையில், எந்த மைல் கல் அருகே பிடிபட்டன என்ற குறிப்பு தலைமுறை தலைமுறையாகக் கூடவே வரும். குறிப்பு ஒழுங்காக இருந்தால் அது மதிப்புள்ள விஷயம். குறிப்பு இல்லாமல், பார்ப்பதற்கு அந்த ஊர் மாதிரி இருக்கிறது என்று ஒட்டிய பெயருக்கு ஒரு மதிப்பும் இல்லை. கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். கிங்ஸ்நேக் இனங்கள் கூண்டுக்குள் சுலபமாகக் கலக்கும், குட்டிகளும் இனப்பெருக்கம் செய்யும். மூன்று தலைமுறை கழித்துக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

நிறத்துக்கும் குணத்துக்கும் தொடர்பு உண்டா?

இல்லை. பொட்டு கூடினால் சாது, கறுப்பு கூடினால் முரடு என்பதெல்லாம் கதை. தொந்தரவு செய்தால் வாலை நடுக்கும், நாற்றமான திரவத்தைப் பீய்ச்சும், சில நேரம் புரண்டு மல்லாந்து அசையாமல் கிடக்கும். எல்லா ஊர்ப் பாம்பும் இதையேதான் செய்யும்.

நம் ஊர்க் கட்டுவிரியனும் கறுப்பில் வெள்ளைக் கோடு உள்ள பாம்புதானே? வரியை வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்கலாமா?

தயவுசெய்து அந்த வேலை வேண்டாம். இங்கே எழுதியிருக்கும் எந்த அடையாளமும் தமிழ்நாட்டுப் பாம்புக்கோ இலங்கைப் பாம்புக்கோ பொருந்தாது. நம் தோட்டத்தில் கிங்ஸ்நேக் கிடையாது. கறுப்பு உடம்பில் வெளிர் குறுக்குக் கோடு தெரிந்தால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள், பாம்பு பிடிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

வளர்த்து அலுத்துப்போன கிங்ஸ்நேக்கைக் காட்டில் விடுவதால் என்ன கெட்டுவிடும்?

கிரான் கனேரியா தீவைப் பாருங்கள். ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே உள்ள ஸ்பெயினின் தீவு. யாரோ வளர்த்த கலிபோர்னியா கிங்ஸ்நேக்குகள் அங்கே வெளியே வந்து பெருகிவிட்டன. பாம்பே இல்லாமல் இருந்த தீவு. அங்கு மட்டுமே வாழும் பெரிய பல்லிகள் பாம்பு பரவிய இடங்களில் பெருமளவு அழிந்துவிட்டன. அங்கே பிடிபடுபவற்றில் பிறவியிலேயே கறுப்பு நிறமி இல்லாமல் வெளுத்தவையும் நீளக் கோடு உள்ளவையும் ஏராளம். கூண்டுக்குள் அழகுக்காகத் தேர்ந்தெடுத்த நிறங்கள் இவை. பளிச்சென்ற வெள்ளைப் பாம்பு காட்டில் தாக்குப்பிடிக்காது என்ற நம்பிக்கையும் அங்கே பொய்த்துவிட்டது.

சொந்த நாட்டிலேயே விட்டாலும் வேறு ஒரு கெடுதல். கோச்சீஸ் போன்ற சந்திப்பு நிலத்தில், எங்கிருந்தோ வந்த பாம்பை அவிழ்த்துவிட்டால், இயற்கையில் நடந்த கலப்பு எது, மனிதர் செய்த கலப்பு எது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

நான் அந்தப் பக்கம்தான் இருக்கிறேன். எப்போது பார்க்கலாம், படம் எப்படி எடுக்க வேண்டும்?

ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின், பீனிக்ஸ் நகரங்களில் தமிழர்கள் நிறைய இருப்பதால் இந்தக் கேள்வியும் அடிக்கடி வருகிறது. டெக்சாஸில் வசந்தமும் கோடை தொடக்கமும் நல்ல காலம். அரிசோனாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வரும் பருவமழைதான் காலம். மழை பெய்து ஓய்ந்த சூடான மாலையில், அந்தி சாயும் நேரத்தில் சாலையைக் கடக்கும். பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் மேல் கையில் எடுப்பது, கொண்டுபோவது என்றால் அந்தந்த மாநில உரிமம் வேண்டும். மெக்சிகோவில் இந்தப் பாம்புக் கூட்டம் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. அங்கே கை வைக்கவே வேண்டாம்.

படத்துக்கு வருவோம். பலரும் தலையை மட்டும் நெருக்கத்தில் எடுத்து அனுப்புகிறார்கள். அதில் வரி தெரியாது. முழு முதுகும் தெரிய மேலிருந்து ஒன்று, நடு உடம்பின் பக்கவாட்டில் செதில் எண்ணும் அளவுக்கு ஒன்று, தலையின் பக்கத்தோற்றம் ஒன்று. வயிறு தானாகத் தெரிந்தால் சரி, அதற்காகப் பாம்பைப் புரட்ட வேண்டாம். முடிந்தால் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் வைத்து எடுத்தால் நிறத்தைச் சரிபார்க்க உதவும்.

தேதி, பக்கத்து ஊர், சாலை இவற்றைச் சேர்த்து எழுதுங்கள். பார்த்த உயிர்களின் படங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளத்தில் ஏற்றினால் பின்னால் வரும் ஆய்வுக்கும் உதவும். அழகான பாம்பை மட்டும் ஏற்றாமல், வரி குழம்பிய பாம்பு, நிறம் செத்த பாம்பு, வண்டியில் அடிபட்ட பாம்பு எல்லாவற்றையும் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் அந்த ஊரில் அழகான பாம்பு மட்டும்தான் இருக்கிறது என்று வரைபடம் சொல்லும். துல்லியமான இடத்தைப் பொதுவில் காட்டாமல் மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள், பிடித்து விற்பவர்களும் அதே தளத்தைத்தான் பார்க்கிறார்கள். அப்புறம், இருட்டில் நெடுஞ்சாலை ஓரம் குனிந்து நிற்கும்போது பின்னால் வரும் லாரியைக் கவனிக்க இன்னொருவரை நிறுத்திக்கொள்ளுங்கள்.